பூசண நோயும் அதனைத் தேர்ந்தறியும் முறையும்

(பழனியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பூசணத்தால் உண்டாகும் நோயைப் பற்றியது. தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணுதல் கூடும். யான் மருத்துவன் அல்லேன். மருந்து சொல்ல வந்தவனும் அல்லேன். மருந்துக்கு முன்னே நிகழவேண்டிய ஒரு செயலைப்பற்றி மட்டுமே சொல்ல வந்தேன். நம் குடும்பங்களுட் பல இன்றும் காட்டையும் கழனியையும் நம்பி வாழ்வன. ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்பிலும், நெல் வயலிலும், மக்காச்சோளக் காட்டிலும், கரும்புத் தோட்டத்திலும் நாள் முழுதும் குனிந்து நிமிர்வோர்க்குக் கண்ணிற் படும் ஒரு சிறு கீறல், ஒரு திங்களுக்குள் பார்வையையே வாங்கிவிடுதல் உண்டு. அது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. தடுக்கும் வழியோ ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தகடு ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

முதற்கண் சொல்லைத் தெளிந்துகொள்வோம். பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, காளான் என நாம் வழங்குவன எல்லாம் ஓரினத்துக்கு உரிய பெயர்கள். பண்டைத் தமிழர் காளானை ஆம்பி என்றனர். புறநானூற்று 164-ஆம் பாட்டிற் பெருந்தலைச்சாத்தனார், சமைத்தல் மறந்த தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடந்ததைக் குமணனிடம் சொல்லுகின்றார். வறுமையைக் காட்ட வந்த அச்செய்தி பூசணத்தின் இயல்பையும் காட்டிவிடுகிறது. நாள்தோறும் தீ எரிந்த அடுப்பில் அதற்கு இடமில்லை. தீ அவிந்த அடுப்பில் அது குடியேறுகிறது.

மனித உடம்பும் அவ்வடுப்பைப் போன்றதே. நாம் மூச்சுடன் உள்வாங்கும் காற்றில் பூசண வித்துக்கள் எந்நேரமும் மிதக்கின்றன. வைக்கோற்போர், எருக்குழி, அழுகிய பழம், ஈரச்சுவர் ஆகிய எங்கும் அவை உள்ளன. உடம்பின் காவல் வலிதாயிருக்கும்வரை அவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. காவல் தளர்ந்தால் அப்பொழுதே பற்றுகின்றன. இவ்வகை நோயைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்று இக்காலத்து நூல்கள் மொழிபெயர்க்கின்றன. அரசியற் கூட்டத்திற் கேட்கும் சொற்போல இருப்பதால் எனக்கு அஃது உவப்பாயில்லை. ‘செவ்வி பார்த்துப் பற்றும் நோய்’ என்பேன். சர்க்கரை நோய் முற்றியோர், எச்.ஐ.வி. தொற்றியோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர், பிறர் உறுப்பைப் பொருத்திக்கொண்டோர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோர் ஆகியோர்க்கு உடல் முழுதும் காவல் தளர்கிறது. உடல் முழுதும் வலிதாயிருந்தும் ஓரிடத்தில் மட்டும் கதவு திறந்துகொள்ளுதலும் உண்டு. கண்ணில் நெல்லின் தாள் கீறுதல் அத்தகையது.

கண்ணுக்குச் செல்லுமுன் நம் பக்கத்துப் பழைய செய்தி ஒன்று. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். அதற்குமுன் பழனியும் மதுரை மாவட்டத்ததே. அம்மதுரையின் பெயரை உலகத்து மருத்துவ நூல்களெல்லாம் ஒரு நோய்க்குச் சூட்டியுள்ளன. காலில் முள் தைத்த இடம் ஆண்டுக்கணக்கில் வீங்கி, பல துளைகள் விட்டு, அவற்றின் வழியே குருணை போன்ற சிறு மணிகள் ஒழுகும் நோயை 1842-இல் மதுரையிற் பணிசெய்த கில் என்னும் மருத்துவர் எழுதி வைத்தார். 1846-இல் கோல்புரூக் என்பவர் அதனை மதுரைக்கால் என்று வழங்கினார். பம்பாயிலிருந்த வாண்டைக் கார்ட்டர் 1860-இல் அது பூசணத்தால் வருவது என்று காட்டினார். பின்வந்தோர் ஆய்ந்தபொழுது, பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும் இந்நோய் உண்மையில் இரண்டு என்பது தெரிந்தது. ஒன்று பூசணத்தால் வருவது. மற்றொன்று பாக்டீரியா என்னும் நுண்ணுயிரால் வருவது. முன்னதற்குக் கொடுக்கும் மருந்து பின்னதற்கு உதவாது. எது எது என்று சொல்வது அந்தக் குருணையே. கருங்குருணையாயின் பூசணம், செங்குருணையாயின் பாக்டீரியா, வெண்மையோ மஞ்சளோ ஆயின் இரண்டுள் எதுவும் ஆகலாம் என்பதனால், நசுக்கி உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். மதுரைக்கால் செவ்வி பார்க்கும் நோயென்று கொள்ளப்படுவதன்று. ஆயினும் புறத்தோற்றத்தை நம்பி மருந்திடலாகாது என்பதனை நம் மண்ணே உலகுக்குக் காட்டியதாதலின் இதனைச் சொன்னேன்.

இனிக் கண். கருவிழியின்மேற் கண்ணாடி போல் மூடியிருக்கும் தெளிபடலத்தில் இரத்தக்குழாய் இல்லை. இருந்தால் ஒளி ஊடுருவாது. இரத்தம் செல்லாத இடமாதலால் உடம்பின் காவலரும் அங்கே விரைந்து செல்லல் அரிது. அப்படலத்தின் மேற்றோல் முழுதாயிருக்கும்வரை தீங்கில்லை. நெல்லின் தாள், சோளத்தோகை, கரும்புச்சோகை, முள், மண், மாட்டின் வால் ஆகியன பட்டு அது கீறினால், கீறிய பொருளே பூசண வித்தையும் உள்ளே கொண்டுசேர்க்கிறது.

இதனால் விளையும் புண் நம் நாட்டில் எத்துணை மிகுதி என்பதற்கு எண்கள் உள்ளன. 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் உண்டாயிற்று என்று கணக்கிட்டனர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் இத்தொகை 11. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையிற் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்களில் கருவிழிப்புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 65 பேர் கண்ணில் அடிபட்டவர். நுண்ணுயிர் வளர்ந்து தெரிந்த 297 பேருள் 140 பேருக்குப் பாக்டீரியா. 139 பேருக்குப் பூசணம். எஞ்சியோர் சிலர்க்கு இரண்டும் கலந்தும், மூவர்க்கு அமீபா வகையும் இருந்தன. 140-க்கு 139 என்பதனை நினைவிற் கொள்ளுங்கள். நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் இதற்குமேற் சமமாக விழாது. பூசணங்களுள் மிகுதியாய்க் கண்டது ஃபியூசேரியம், அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். இரண்டும் வயலிலும் களத்திலும் வாழ்வன.

கைதேர்ந்த மருத்துவர் பார்த்த மாத்திரத்தே சொல்லமாட்டாரோ என்று கேட்கலாம். அதனையும் சோதித்தனர். கருவிழி நோயில் தனித்தேர்ச்சி பெற்ற 15 மருத்துவர்க்கு 80 புண்களின் நிழற்படங்களைக் காட்டி, பூசணமா பாக்டீரியாவா என்று கேட்டனர். 2012-இல் வெளிவந்த அவ்வாய்வில் அவர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 66 மட்டுமே. தேர்ந்தவர் நிலை இதுவாயின், மருந்துக் கடையின் மேசைக்கு அப்பால் நின்று, ‘கண் சிவந்திருக்கிறதா? இந்தச் சொட்டை விடுங்கள்’ என்பவர் நிலையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அவர் தரும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருத்தல் உண்டு. சிவப்பும் வலியும் ஒருநாள் இருநாள் தணியும். உள்ளே பூசணம் காவலின்றி வளரும். நோயாளி நன்றாகிவிட்டது என்று களைக்கொட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் காட்டுக்குப் போவார்.

ஆய்வுக்கூடத்திற் செய்வது யாதெனின், முதலில் மருத்துவர் கண் மரத்துப்போகும் சொட்டை இட்டுப் புண்ணின் விளிம்பையும் அடியையும் மெல்லிய தகட்டுக்கரண்டியாற் சுரண்டி எடுப்பார். இதனைக் கேட்டவுடன் நம்மவர் அஞ்சுகின்றனர். கண்ணைச் சுரண்டுவதா என்று வயதான தாய்மார் நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுதலும் உண்டென்பர். மரத்தபின் வலி தெரிவதில்லை. சில நிமிட வேலை. அழுகிய மேற்பொருள் நீங்குவதால் மருந்து உட்செல்லவும் அது துணையாகும். எடுத்த பொருளோ கடுகளவும் இராது. அதனை இரண்டு மூன்று கண்ணாடித் தகடுகளிலும் வளர்ப்புத் தட்டுக்களிலும் பங்கிடுவர்.

ஒரு தகட்டின்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கார நீர் ஒரு துளி இடப்படும். நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்த அந்நீர் மனிதத் தசையணுக்களையும் சீழையும் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூசணத்தின் இழை மட்டும் கரைவதில்லை. அதன் சுவர் நண்டோட்டிலும் வண்டின் சிறகுறையிலும் உள்ள கைட்டின் என்னும் பொருளால் ஆயது. சில நிமிடங் கழித்து உருப்பெருக்கியில் நோக்கினால், தெளிந்த நீரின் நடுவே மூங்கிற்கழி போலக் கணுக்கணுவாய்க் கிளைத்த இழைகள் தெரியும். தெரிந்தால் நோயாளி புறப்படுமுன்னரே பூசணம் என்று சொல்லிவிடலாம். இதற்கு வேண்டுவன ஓர் உருப்பெருக்கி, ஒரு புட்டி கார நீர், பழகிய இரு கண்கள், அவ்வளவே. பஞ்சிழையைப் பூசண இழையென்று மயங்காதிருத்தற்கே பழக்கம் வேண்டும். திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையார் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பூசணம் உள்ள கண்களுள் நூற்றுக்கு 99-இல் இந்த ஒருதுளிச் சோதனையே அதனைக் காட்டியது. 1884-இல் டென்மார்க்கு நாட்டவராகிய கிராம் கண்ட சாயமுறை 89-இல் காட்டிற்று. பாக்டீரியாவை அறியக் கிராம் முறையே சிறந்ததாதலால் இரண்டையும் செய்வர்.

வெண்துணிக்குப் பளபளப்பு ஏற்றும் கால்கோஃப்ளூர் என்னும் சாயத்தையும் இதற்குப் பயன்படுத்துகின்றனர். அது பூசணச் சுவரிற் பற்றிக்கொண்டு, புற ஊதா ஒளியில் இழைகளை இருளில் ஏற்றிய விளக்குத்தொடர் போல ஒளிரச் செய்யும். வெளுப்புத் தொழிலுக்கென வந்த பொருள் நோய்தேரும் கருவியானது இனியதொரு செய்தி.

இழை தெரிந்தால் பூசணம் என்பது தெரியும். எந்தப் பூசணம் என்பது தெரியாது. அதற்கு வளர்ப்புத் தட்டு வேண்டும். பாரிசு நகரத்துத் தோல் மருத்துவர் சபுரோ வகுத்த ஊடகமும், உருளைக்கிழங்குச் சாற்றாற் செய்த ஊடகமும் இதற்கு ஆகும். சுரண்டிய பொருளைத் தட்டின்மேல் பிறைபிறையாகக் கீறி விதைப்பர். கீற்றின்மேல் முளைத்தது கண்ணிலிருந்து வந்தது; கீற்றுக்கு அப்பால் முளைத்தது காற்றிலிருந்து விழுந்தது. நம் உழவர் வரிசைவிதைப்பிற் பயிரையும் களையையும் பிரித்தறிவது போலும் இது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். எனினும் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்த பின்னரே இல்லையென்று தள்ளுவர். முளைத்ததனை நீலச்சாயமிட்டு நோக்கினால் ஃபியூசேரியத்தின் வித்து வாழைப்பழம் போல் வளைந்திருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போன்ற தலையுடையது. 1729-இல் அதற்கு அப்பெயரிட்ட மிக்கேலி ஒரு பாதிரியார். நம்மவர் எவரேனும் முதலிற் கண்டிருப்பின் சாமரப்பூசணம் என்று பெயர் வைத்திருப்பர்.

சபுரோ ஊடகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை பூசணத்துக்கு உணவென்றால், சர்க்கரையே உருவாகிய நம் பழனிப் பஞ்சாமிர்தத்தில் அது படராதது ஏன் என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சர்க்கரை அளவுகடந்து, நீர் குறைந்த இடத்தில், பூசணத்தின் உடம்பிலுள்ள நீரே வெளியே இழுக்கப்பட்டு அது வாடிவிடும். நீர் சேராமற் செய்வதனாலேயே பஞ்சாமிர்தம் நாட்பட நிற்கிறது.

உடம்பின் பிற பாகங்களிற் பற்றும் பூசணங்களைத் தேரும் முறையையும் சிறிது சொல்லுவேன். 2021-இல் கொரோனாக் காய்ச்சலின் இரண்டாம் அலையிற் கருப்புப் பூஞ்சை என்று நாடெங்கும் அஞ்சிய நோயை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு மே திங்களில் தமிழ்நாட்டரசு அதனை அறிவிக்கத்தக்க நோயாக்கிற்று. உண்மையில் அப்பூசணம் கருப்பன்று. அது இரத்தக்குழாயை அடைத்துவிடுவதால் மூக்கிலும் அண்ணத்திலும் தசை செத்துக் கருக்கிறது. அடங்காத சர்க்கரை நோயும், அளவறியாது உட்கொண்ட ஸ்டீராய்டும் கதவைத் திறந்துவிட்டன. மூக்கினுள்ளிருந்து சிறு தசையை எடுத்துக் கார நீரில் நோக்கினால், கணுவின்றி நாடாப்போல் அகன்று, ஏறக்குறைய நேர்கோணத்திற் கிளைக்கும் இழை தெரியும். ஆஸ்பெர்ஜில்லஸ் இழையோ கணுவுடையது, குறுங்கோணத்திற் கிளைப்பது. இவ்வேறுபாட்டின்மேல் உயிரே நிற்கிறது. ஏனெனில், ஆஸ்பெர்ஜில்லஸுக்குச் சிறந்ததாகிய வோரிகோனசோல் என்னும் மருந்து இதனைத் தொடுவதில்லை. மற்றொரு நுட்பமும் உண்டு. தசையை அரைத்து விதைத்தால் கணுவில்லாத இவ்விழை உடைந்து உள்ளீடு ஒழுகிச் செத்துவிடும்; தட்டில் ஒன்றும் முளைக்காது; நோய் இல்லையென்று தவறாக எழுதிவிடுவர். ஆகலின் அரைக்காமல் நறுக்கியே விதைத்தல் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸைக் காட்டும் காலக்டோமன்னன் என்னும் இரத்தச் சோதனையும் இதனைக் காட்டாது.

எச்.ஐ.வி. இந்தியாவில் உண்டென்பது 1986-இல் சென்னையில்தான் முதன்முதல் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவியும் அதனைக் கண்டனர். அந்நோயாளர்க்கு மூளையுறையிற் பற்றும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூசணத்தை, தண்டுவட நீரிற் கரியமை ஒரு துளி கலந்தே கண்டுபிடித்தனர். மை எங்கும் கரிதாய்ப் பரவ, பூசணத்தின் கொழகொழத்த உறைக்குள் மட்டும் புகமாட்டாது. கரிய வானத்திற் கோட்டை கட்டிய நிலவு போல் அது தோன்றும். அம்மைக்கு ஆங்கில நூல்கள் இட்ட பெயர் இந்திய மை. இன்று அப்பூசணத்தின் உறைப்பொருளைச் சில நிமிடங்களிற் காட்டும் கீற்றுத்தாள் சோதனை வந்துவிட்டது; மைக்குத் தப்பியதையும் அது காட்டும்.

இனி நம் வீட்டு வழக்கத்துக்கு வருவேன். கண்ணில் ஏதேனும் விழுந்தால் தாய்ப்பாலும், விளக்கெண்ணெயும், இலைச்சாறும் விடுதல் நம்முள் நெடுநாள் வழக்கம். போகர் பெயர் விளங்கும் இம்மலையடியில் நின்று சித்த மருத்துவத்தைப் பழிக்க யான் வரவில்லை. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி முறையைப் பாருங்கள். நோயாளியின் சிறுநீரை வாங்கி, அதன் நிறம் நோக்கி, எண்ணெய்த்துளி விட்டு அது பரவும் வடிவம் நோக்கிய பின்னரே மருத்துவர் மருந்தை எண்ணினார். அம்முறையாற் கண்ணின் பூசணம் தெரியுமென்பது என் கருத்தன்று. உடம்பினின்று ஒரு பொருளை எடுத்து ஆராயாமல் மருந்திடலாகாது என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று என்பதே கருத்து. வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் கூறியதனை இவ்வவையில் எடுத்தோதுதல் மிகை. இலைச்சாறு விடுவோர் எதனையும் ஆராய்ந்து விடுவதில்லை. புண்ணில் மேலும் வித்து விதைக்கின்றனர்.

தேர்ந்தறிந்தபின் மருந்து உண்டா என்றால், உண்டு. மதுரை முதலிய ஊர்களின் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளர்மேல் நிகழ்த்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நேட்டாமைசின் என்னும் பழைய சொட்டு மருந்தே புதிய வோரிகோனசோல் சொட்டினும் மேலானதென்று தெளிந்தது. ஃபியூசேரியத்துக்கு அது மிகவும் மேலானது. கருப்பு நோய்க்கு உதவாத மருந்து இங்கேயும் பின்னிடுகிறது. தென்னாப்பிரிக்க நேட்டால் நாட்டு மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1950-களிற் பெறப்பட்டதாதலின் நேட்டாமைசின் அப்பெயர் பெற்றது. 1860 முதல் தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய அதே நேட்டால்! அம்மருந்தும் காலத்தே இட்டாற்றான் பயன்படும். புண் ஆழ்ந்துவிட்டால் இறந்தோர் கண்ணினின்று படலம் எடுத்துப் பொருத்துவதன்றி வேறு வழியில்லை. பூசணம் தின்ற கண்ணில் அதுவும் எளிதில் நிலைப்பதன்று.

கீறல் பட்ட அன்றே கவனித்தால் ஆய்வுக்கூடம் வரை செல்லவும் வேண்டாம். மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களிற் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர், புதிதாய்க் கீறல் பட்டோரைக் கண்டறிந்து, பாக்டீரியாவுக்கும் பூசணத்துக்கும் உரிய களிம்பை மூன்று நாள் இட்டுப் புண் வராமற் காத்தனர் என்பது 2006-இல் வெளிவந்த ஆய்வு. புண்ணாகி வெண்புள்ளி தோன்றியபின் அக்களிம்பு போதாது. அப்பொழுது சுரண்டிப் பார்த்தலே வேண்டும்.

நம்மவர் காலந்தாழ்த்துவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்றுவர ஒருநாட் கூலி போகும். துணைக்கு வருபவர் கூலியும் போகும். பேருந்துச் செலவு வேறு. அறுவடைக் காலத்தில் அதனை இழக்க எவரும் ஒருப்படார். ஆகவே செயற்குழுவினரிடம் ஓர் எழுத்து கொடுத்துள்ளேன். நம் சங்கத்துக் கல்வி நிதியின் ஒருபகுதி ஆண்டுதோறும் பரிசுக் கோப்பைகளுக்கும் விழாப் பந்தலுக்கும் செலவாகிறது. அதனினின்று ஒரு தொகையைப் பிரித்து, வயல் வேலையிற் கண்ணில் அடிபட்டவர்க்கு அன்றே வழிச்செலவும், இருவர்க்கு ஒருநாட் கூலியும் கொடுத்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும் என்று விதியைச் சுருக்கலாம் எனச் சில பெரியோர் கூறினர். அவர்கள்பால் எனக்கு மதிப்பு உண்டு, ஆயினும் உடன்படேன். நம் நிலத்தில் நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் கரும்பு வெட்டுவோரும் பெரும்பாலும் பிற சமூகத்தவர். நம் வயலின் தாள் கீறிய கண் நம் பொறுப்பு. ஆகையால் ‘உறுப்பினர் நிலத்தில் வேலை செய்வோர் எவர்க்கும்’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த திங்கட் கூட்டத்தில் அது வாக்குக்கு வருகிறது. மருத்துவமனையில் நோயாளி கேட்டு வாங்க வேண்டிய ஆய்வுச்சீட்டின் மாதிரியையும், கடைச் சொட்டு ஏதேனும் விட்டிருந்தால் அதன் புட்டியைக் கையோடு கொண்டுசெல்லவேண்டும் என்னும் குறிப்பையும் அவ்வெழுத்தோடு இணைத்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்தபின் செயலாளரிடம் படி பெற்றுக்கொள்ளலாம்.